சட்டை போட்ட தாத்தாக்கள்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பட்டாளப் படங்கள்



1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தது அரசாங்கம் அல்ல, கள்ளர் சமூகத்தினர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் நாசமாக்கப்பட்டன, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தைப் பார்க்கச் சொல்கிறோம். எங்களில் ஒருவருடைய தாத்தா. காக்கிச் சட்டை, அரைக்கால் டவுசர், முழங்கால்வரை ஏற்றிய காலுறை, ஆணியடித்த பூட்ஸ். ஒட்ட வெட்டிய கிராப்பு. இடக்கை மணிக்கட்டில் கடிகாரம். அது ஸ்டுடியோக்காரர் இரவல் கொடுத்ததாகவும் இருக்கலாம். பக்கத்தில் நாற்காலியில் அப்பத்தா உட்கார்ந்திருக்கிறார். ரவிக்கை போட்டிருக்கிறார், தலையில் பூ இருக்கிறது. எட்டுத் தடைகளில் எத்தனை இந்த ஒரே படத்துக்குள் உடைந்து கிடக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். எங்களுக்கு எண்ணத் தோன்றியதே வெகு தாமதமாகத்தான். அதுவரை அது வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த 'மிலிட்டரி தாத்தா' படம், அவ்வளவுதான்.

கடந்த சில ஆண்டுகளாக அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துக் குடியிருப்புகளில் இப்படிப்பட்ட படங்களை நாங்கள் பார்த்தும் நகலெடுத்தும் வருகிறோம். டிரங்குப் பெட்டியின் அடியில், ரேஷன் கார்டோடு சேர்த்த பாலித்தீன் பையில், சாமி படத்துக்குப் பின்னால் என்று அவை இருக்கும் இடங்கள் பல. பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் எதுவும் எழுதியிருக்காது. எழுதத் தெரிந்தவர் அன்று வீட்டில் இல்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை, பார்க்கிற எல்லோருக்கும் அவர் யாரென்று தெரிந்திருந்தது. இப்போது தெரிந்தவர்கள் எண்பத்தைந்து, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். இந்த உரையின் அவசரம் அதுதான்.

நம்மவர்களுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு இரண்டாம் உலகப் போரில் தொடங்கியதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாடு வந்தது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அதற்கு முன்னின்று குரல் கொடுத்தவர். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று சொல்லி சென்னைப் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படை கலைந்துவிட்டது. 1933இல் பயனியர் படைகளும் கலைக்கப்பட்டன. பெங்களூரின் மதராஸ் சாப்பர்கள் மட்டும் எஞ்சினார்கள். மராட்டியத்தில் மகர்களுக்கும் இதே கதிதான். ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இலேயே அதை எதிர்த்து மனு எழுதினார். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார் மேஜராக இருந்தவர். பட்டாளப் பள்ளிக்கூடமும் பட்டாளச் சம்பளமும் அடைபட்டால் ஒரு மக்களுக்கு எது அடைபடுகிறது என்பதைத் தன் வீட்டிலேயே கண்டவர் அம்பேத்கர். 1941 அக்டோபரில் பெல்காமில் மகர் ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டதில் அவருடைய வற்புறுத்தலுக்குப் பங்குண்டு.

போர் வந்ததும் கோட்பாடு காணாமல்போனது. 1939இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்தியப் படை, 1945இல் 25 லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு ஆளுக்குப் பஞ்சாப் மட்டும் போதாது. 'லாயக்கற்ற' தெற்கு மறுபடி லாயக்கானது. மதராஸ் ரெஜிமெண்ட் திரும்ப எழுந்தது. சாப்பர், பயனியர், சப்ளை, மருத்துவம், பழுதுபார்க்கும் பிரிவு என எல்லாவற்றுக்கும் நம் பக்கத்திலிருந்து ஆள் போனார்கள். கரிசலில் மழை பொய்த்தால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசியும் நின்றது. அன்று அருப்புக்கோட்டைக்கு ரயில் கிடையாது, விருதுநகருக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அப்படி ஏறியவர்களில் எத்தனை பேர் பசிக்காக ஏறினார்கள், எத்தனை பேர் அந்த எட்டுத் தடைகளிலிருந்து ஏறினார்கள் என்று பிரிப்பது கடினம். பிரிக்கவும் வேண்டியதில்லை என்றே நினைக்கிறோம். சோறும் சட்டையும் ஒரே இடத்தில் கிடைத்தன.

இனிப் படங்களை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறோம், மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் எந்தப் பட்டாளப் படத்தை எடுத்தாலும் 'ஜெர்மன் சண்டை' அல்லது 'ஜப்பான் சண்டை' என்பார்கள். பாதி அப்படி இல்லை. முதலில் தொப்பியைப் பாருங்கள். தொப்பிச் சின்னத்தின் உச்சியில் கிரீடம் இருந்தால் குடியரசுக்கு முந்தையது. அசோகச் சிங்கம் இருந்தால் 1950க்குப் பிந்தையது; அந்தத் தாத்தா பார்த்தது 1962 சீனச் சண்டையாகவோ 1965 பாகிஸ்தான் சண்டையாகவோ இருக்கும். உருளை வடிவில் உயர்ந்து நிற்கும் விளிம்பில்லாத தொப்பி என்றால் மதராஸ் சாப்பர்; 'டூப்டா' என்பார்கள். அகல விளிம்புத் தொப்பி பர்மா முனையில் பரவலாக இருந்தது. கையில் பட்டை ஒன்றென்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளருகே தைத்த துணிச் சின்னம் இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். கறுப்புப் பூனை 17ஆம் இந்திய டிவிஷன், சண்டைச்சேவல் 23ஆம் டிவிஷன், குத்துவாளேந்திய கை 19ஆம் டிவிஷன். இம்மூன்றும் பர்மா, மணிப்பூர் முனையில் போரிட்டவை. செங்கழுகு 4ஆம் டிவிஷன். அது வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டது.

நெஞ்சுப் பட்டயத்தில்தான் சிக்கல். கறுப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பனின் நிறம் தெரியாது. அதைவிட மோசம், அக்காலத்தில் புழங்கிய ஒருவகை ஃபிலிமில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறி விழும். ஆகவே நிறத்தை ஊகிக்காமல் கோடுகளை எண்ண வேண்டும். சம அகலத்தில் மூன்று கோடு என்றால் 1939–45 ஸ்டார். சம அகலத்தில் ஐந்து என்றால் இத்தாலி ஸ்டார். நடுவில் அகலக் கோடும் இருபுறமும் மெல்லிய கோடுகளும் என்றால் பர்மா ஸ்டாராக இருக்கலாம், ஆப்பிரிக்கா ஸ்டாராகவும் இருக்கலாம். பர்மா ஸ்டாருக்குத் தரை கருநீலம், ஆப்பிரிக்கா ஸ்டாருக்கு மணல் நிறம். அந்த ஃபிலிமில் இரண்டும் ஒரேபோல் சாம்பலாகிவிடும். அப்போது உடை, தொப்பி, ஸ்டுடியோ முத்திரை என்று வேறு சாட்சி தேட வேண்டும். பர்மா ஸ்டார் அறிவிக்கப்பட்டதே 1945இல்தான் என்பதால், அந்த ரிப்பனுள்ள படம் சண்டை முடியும் தறுவாயிலோ முடிந்த பிறகோ எடுத்தது என்பது உறுதி. பட்டயம் வலப்பக்க மார்பில் இருந்தால் ஃபிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். சட்டைப் பொத்தானும் மாறியிருக்கும்.

படத்தோடு பட்டயமே கிடைத்தால்? விளிம்பையும் பின்புறத்தையும் பாருங்கள். முதல் உலகப் போரின் பட்டயங்களில் விளிம்பைச் சுற்றி வீரரின் எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த பட்டயங்களிலும் வீரரின் விவரம் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய இரும்புக்கடையில் போட்டால் அந்தப் பெயரும் போய்விடும். போட்டும் இருக்கிறார்கள்.

கடிதங்கள் இருந்தால் அவற்றையும் விடாதீர்கள். போர்க்காலக் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. களத் தபால் நிலைய எண்ணும் தணிக்கை முத்திரையும்தான் இருக்கும். ஆனால் அனுப்பியவரின் படை எண் இருக்கும். அந்த எண் கையில் இருந்தால்தான் ஆவணக் காப்பக அலுவலகத்தில் பேச முடியும். சாப்பர், பயனியர் என்றால் பெங்களூர், மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். எண் இல்லாமல் பெயரை மட்டும் கொண்டுபோனால் நம் பெயர்களில் எத்தனை கருப்பன், எத்தனை மாடசாமி, எத்தனை முனியாண்டி!

இறந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்தியப் படையினர் சுமார் 87,000 பேரின் பெயர்கள் உள்ளன. பலருக்குத் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம்கூட உண்டு. நம் மாவட்டத்தை 'ராம்நாட்' என்று தேட வேண்டும். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களை உரக்க வாசித்துப் பார்த்தால்தான் நம் ஊர் அகப்படும். ரங்கூனுக்கு வெளியே தாக்யான் நினைவிடத்துத் தூண்களில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். கல்லறை இல்லாதவர்கள் அவர்கள். அங்கே பெயர் உண்டு, முகம் இல்லை. இங்கே சுவரில் முகம் உண்டு, பெயர் இல்லை. உயிரோடு திரும்பியவர்களுக்கு அப்படியொரு பொதுப்பட்டியலும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளைக்காரர்கள் ஊர்தோறும் பதித்த கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டு எண்கள் மட்டும் இருக்கும். பஞ்சாபுக்கு ஊர்வாரியாகப் பெயர் எழுதிய முதல் போர்ப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021இல் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அந்தப் பதிவேடு கிழவிகள்தான்.

மிகைப்படுத்தவில்லை. ரிப்பன் கோட்டை எண்ணுவதில் நாங்கள் தேர்ந்திருக்கலாம், ஆளைச் சொல்வது அவர்கள். ஒரு குடியிருப்பில் ஏழு பேர் நிற்கும் குழுப்படம் கிடைத்தது. உட்கார்ந்திருக்கும் வெள்ளை அதிகாரியின் பெயரை மட்டும் அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். நின்ற ஏழு பேருக்கும் பெயர் இல்லை. படத்தைப் பெரிதாக்கி அரசமரத்தடியில் வைத்தோம். ஆண்கள் முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். அவன் எங்க தாத்தா, இல்லை எங்க பெரியய்யா என்று. ஒரு மூதாட்டி முகத்தைப் பார்க்கவே இல்லை. "இந்தக் காதப் பாரு, மேல கிழிஞ்சிருக்கில்ல? சின்னதுல நாய் கடிச்சது. இது எங்க மூத்த கொழுந்தன்" என்றார். பிறகு அவரே இன்னொருவரை, நிற்கும்போது இடத்தோள் இறங்குவதை வைத்துச் சொன்னார். கமலை இறைத்த தோள் என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ஏழில் நான்கு பேருக்குப் பெயர் கிடைத்தது.

இதனால் நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது: அசல் படத்தை வீட்டைவிட்டு எடுத்துப் போவதில்லை. சட்டத்திலிருந்து பிய்ப்பதில்லை. முன்பக்கம் போலவே பின்பக்கத்தையும் படமெடுப்போம், வெற்றாக இருந்தாலும். யார் சொன்னது, எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னது என்று எழுதிக்கொள்வோம். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுவோம். படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவோம். மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில்தான் பல பெயர்கள் இருக்கின்றன.

ஒரு வீட்டில் இரண்டு படம் பார்த்தோம். அண்ணன் காக்கியில், இந்தியப் பயனியர் படை. தம்பி மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். தொப்பியைச் சாய்த்து வைத்து எடுத்த படம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் பர்மாவில் எதிரெதிர்ப் பக்கம் நின்றிருக்கக்கூடும். மலேயா, பர்மாத் தமிழரின் போர்க்காலம் தனிக் கதை. சயாம் மரண ரயிலில் மாண்ட தோட்டத் தொழிலாளர்களில் நம்மவர் எத்தனை பேர்! அதை இங்கே விரிக்க இடமில்லை. 1972இல் கொண்டுவந்த திட்டத்தின்படி தேசிய ராணுவத்தினர் விடுதலைப் போராட்ட ஓய்வூதியத்துக்கு உரியவரானார்கள், தியாகி என்ற பட்டமும் வந்தது. அது நியாயம். அண்ணனுக்குக் கிடைத்த பெயர் 'வெள்ளைக்காரன் கூலிப்படை'. பண்ணையில் மாடு மேய்த்துக் கூழுக்கு நின்றபோது அவரைக் கூலியென்று கேலி பேசாத தேசியம், சட்டை போட்டபிறகுதான் பேசியது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போது சில பதாகைகளில் தாத்தாவின் முகத்தை வெட்டி எடுத்து இன்றைய கமாண்டோ சீருடைமேல் ஒட்டுகிறார்கள். கையில் அவர் தொட்டேயிராத துப்பாக்கி. கீழே 'போர்க்குடி', 'ஆண்ட பரம்பரை' என்று வாசகம். ராபர்ட்ஸ் பிரபு நம்மை வெளியே தள்ளிய அதே கோட்பாட்டை நாமே எடுத்து மாட்டிக்கொள்வதாகவே இது எங்களுக்குப் படுகிறது. அசல் படம் சொல்வது வேறு. நாங்கள் பார்த்தவர்களில் துப்பாக்கி பிடித்தவர்களைவிட மண்வெட்டி பிடித்தவர்கள் அதிகம். பாலம் கட்டியவர்கள், பாதை போட்டவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள். சமையல், சலவை, துப்புரவுக்கென்று எடுக்கப்பட்ட 'ஃபாலோவர்கள்' எனும் வரிசையும் ஒன்று இருந்தது. துப்புரவு வேலைக்கு ஆளெடுத்தது சாதி பார்த்துத்தான். ராணுவம் சட்டை கொடுத்தது, எல்லோருடைய கையிலிருந்தும் துடைப்பத்தை வாங்கிவிடவில்லை. ஓர் அருந்ததியர் வீட்டில் தாத்தாவின் படத்தைக் காட்டத் தயங்கினார்கள். "அவரு சண்டைக்காரரு இல்லீங்க, சும்மா கக்கூஸ் வேலைதான்" என்றார் பேரன். அந்தப் படத்திலும் முழுக்கைச் சட்டை இருந்தது, பூட்ஸ் இருந்தது. எங்கள் வரிசையில் அந்தப் படமும் மற்றப் படங்களின் அளவிலேயே இருக்கும்.

சட்டையோடு திரும்பி வந்தவர்களுக்கு ஊரில் என்ன நடந்தது? இம்மானுவேல் சேகரன் பெயரைச் சொன்னாலே போதும். 1924இல் முதுகுளத்தூர்ப் பக்கம் செல்லூரில் பிறந்தவர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், 1950களின் தொடக்கத்தில் திரும்பிவந்து தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராக மக்களைத் திரட்டியவர். 1957 செப்டம்பர் 10இல் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார், மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் அளவுக்குப் பெயர் வெளியே தெரியாதவர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் இருவர் உண்டு. டீக்கடையில் கிளாஸைத் தள்ளிவிட்டவர், செருப்பைக் கழற்றாமல் தெருவில் நடந்தவர், முதல்முதல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனவர் யாரென்று விசாரித்தால் "அவர் பட்டாளத்துல இருந்தவரு" என்ற பதில் திரும்பத் திரும்ப வருகிறது. பதிலாக வரும் இன்னொன்றும் உண்டு: வந்த மறுவாரமே காக்கியைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கோவணத்தோடு வயலுக்குப் போனவர்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல நாங்கள் தயாரில்லை. பெட்டியில் வைத்தார்களே தவிர, எரித்துவிடவில்லை.

படத்தில் பணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். போருக்காகச் சேர்த்துப் போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் கிடையாது. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாநில அரசின் மாதாந்திர நிதியுதவி உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வரும். அதற்கு டிஸ்சார்ஜ் சான்று வேண்டும். கரையானும் கூரைத் தீயும் தின்றபின் பல வீடுகளில் மிச்சமிருப்பது படம் ஒன்றுதான். படம் சான்றாகாது என்பார்கள். ஆனால் படத்திலிருந்து படைப்பிரிவு, படைப்பிரிவிலிருந்து காப்பகம், காப்பகத்திலிருந்து எண் என்று ஒரு கயிறு பிடிக்கலாம். உயிரோடு இருக்கும் அப்பத்தாக்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் கிணறு வற்றிவிடுகிறது.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டாளப் படம் இருந்தால் வெளிச்சத்தில் வைத்து, முன்னும் பின்னும் எடுத்து, தொப்பியையும் தோளையும் தனியாகப் பெரிதாக எடுத்து, வீட்டிலேயே மூத்த பெண்ணிடம் முதலில் காட்டுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள்.

அந்தக் குழுப்படத்தின் நகல் இன்று இந்த அரங்கின் வாசலில் இருக்கிறது. வலமிருந்து இரண்டாமவர், நடுவில் நிற்கும் உயரமானவர், இடக்கோடியில் கண்ணை மூடிவிட்டவர், இந்த மூவருக்கும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. திருச்சுழிக்குத் தெற்கே குண்டாற்றங்கரை ஊர்க்காரர்களாக இருக்கலாம் என்று அந்த மூதாட்டி சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் போகும்போது கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.